சுகர் மாத்திரை ரெப்புக்கு டிரெய்னிங்ல எதச் சொல்லித் தராங்க, எத விட்டுடறாங்க

சேலத்துல சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல ஃபேர்லேண்ட்ஸ், சாரதா காலேஜ் ரோடு, ஐந்து ரோடு பக்கம் எந்த கிளினிக் வாசல்ல போய் நின்னாலும் சட்டைய டக் இன் பண்ணிட்டு, தோள்ல கனமான பேக்கோட நாலஞ்சு பேரு ஓரமா நிப்பாங்க, பேஷன்ட் கூட்டம் குறையற வரைக்கும் போன நோண்டிக்கிட்டு. மருந்து கம்பெனி ரெப்புங்க, டாக்டர பாத்து மாத்திரைய எடுத்துச் சொல்றவங்க. அதுல ரெண்டு பேராவது சுகர் டிவிஷனா இருப்பாங்க, ஏன்னா ஒரு தடவ ஆரம்பிச்சா வாழ்நாள் முழுக்க ஓடுற மாத்திரை அதான். ஐசிஎம்ஆர்-இண்டியாப் சர்வே 2023ல வந்தப்போ நாட்டுல சுகர் இருக்கறவங்க 10.1 கோடி, வரலாமான்னு எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கற ப்ரீடயபடிஸ் கூட்டம் 13.6 கோடின்னு கணக்கு சொன்னாங்க. இவ்ளோ பெரிய மார்க்கெட்ட எந்த கம்பெனி விடும்?

"இவங்களுக்கு என்னங்க தெரியும், பேக்க தூக்கிட்டு வந்து அஞ்சு நிமிஷம் ஒப்பிச்சிட்டு போறாங்க"ன்னு வெளிய உக்காந்திருக்கற பேஷன்ட் நினைக்கலாம். பாதி சரி, பாதி தப்பு. ரெப்புக்கு சில விஷயம் எம்பிபிஎஸ் ஸ்டூடண்ட் அளவுக்கு தெரியும், அதுக்குப் பக்கத்துலயே இருக்கற இன்னொரு விஷயம் சுத்தமா தெரியாது. இது அவங்க மூளைக் கோளாறு இல்ல, டிரெய்னிங்க கட்டி வெச்சிருக்கற விதம் அப்டி. நோயாளி கைல எது தப்பா போகும்னு யோசிச்சு பாடம் போடல, பிராண்ட் எப்டி ஓடணும்னு யோசிச்சு போட்டிருக்காங்க. நான் இந்த லைன்ல ரொம்ப வருஷமா இருக்கறதால இத கொஞ்சம் பிரிச்சு சொல்லலாம்னு.

புதுசா எடுக்கற பையன் பி.எஸ்சி ஜுவாலஜியா இருக்கலாம், பி.ஃபார்மா இருக்கலாம், பி.காமும் உண்டு. மும்பையோ அகமதாபாத்தோ சென்னையோ கூட்டிட்டு போய் ஹோட்டல்ல தங்க வெச்சு இண்டக்‌ஷன், இப்பல்லாம் பாதி ஆன்லைன்லயே முடிச்சிடறாங்க. மொதல்ல கணையம், பீட்டா செல், இன்சுலின உடம்பு எதுத்து நிக்கறதுன்னா என்ன, இதெல்லாம் வரும். அப்புறம் "ஆமினஸ் ஆக்டெட்", அதாவது ஆபத்தான எட்டு, கண்டிப்பா வரும். டிஃப்ரான்சோன்னு அமெரிக்கா டாக்டர் 2008ல பான்டிங் லெக்சர்ல சொன்னது: சுகர் ஏறறதுக்கு கணையம் மட்டும் காரணமில்ல, கல்லீரல், தசை, கொழுப்பு, குடல், கிட்னி, மூளை, குளுக்ககான் சுரக்கற ஆல்ஃபா செல்லுன்னு எட்டு எடத்துல கோளாறு இருக்குன்னு. அருமையான விஷயம், மறுப்பே இல்ல. ஆனா இத ஏன் எல்லா கம்பெனியும் விழுந்து விழுந்து சொல்லித் தராங்கன்னா, எட்டு கோளாறுன்னா ஒரு மாத்திரை பத்தாது, ரெண்டு மூணு மருந்து ஒரே மாத்திரைல வேணும், அந்த காம்பினேஷன் நம்மகிட்ட இருக்கு, அவ்ளோதான். அதுக்கப்புறம் ப்ராடக்ட், எதிர்க் கம்பெனி ப்ராடக்ட், டாக்டர் இப்டி கேட்டா நீ அப்டி சொல்லுன்னு ரோல் ப்ளே, கடைசில டெஸ்ட், ரேங்க். டை கட்டிட்டு க்ரூப் போட்டோ. ஊருக்கு வந்தா ஏரியா மேனேஜர் கூட ஜாயின்ட் வொர்க், டார்கெட் ஷீட்.

இன்னொரு விஷயம், இந்த டிரெய்னிங்கோட காலண்டர முடிவு பண்றது நோய் இல்ல, பேட்டன்ட். வில்டாகிளிப்டின்ங்கற சுகர் மாத்திரையோட பேட்டன்ட் 2019 டிசம்பர்ல முடிஞ்சுது, சிட்டாகிளிப்டின் 2022 ஜூலைல, எம்பாகிளிஃப்ளோசின் 2025 மார்ச்சுல. ஒவ்வொரு தடவையும் அந்த வாரமே டஜன் கணக்குல பிராண்ட் எறங்கும், செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஸ்டாக்கிஸ்ட் குடோன்ல அட்டைப்பெட்டி கூரை தொடும். மாத்திரை 60 ரூபாய் பக்கம் இருந்த எம்பாகிளிஃப்ளோசின் பத்து ரூபாய்க்கு கீழ எறங்குச்சு. சிட்டாகிளிப்டின 2022 செப்டம்பர்ல ஜன் அவுஷதி கடைல பத்து மாத்திரை 60 ரூபாய்க்கு குடுக்க ஆரம்பிச்சாங்க. பேஷன்டுக்கு இது நிஜமாவே நல்ல காலம், மாசம் ரெண்டாயிரம் செலவு பண்ணிட்டு இருந்தவரு ஐநூறுக்குள்ள வந்துட்டாரு. ஆனா ரெப்போட நிலைமைய யோசிச்சு பாருங்க, எல்லார் பேக்லயும் ஒரே மருந்து, விலையும் கிட்டத்தட்ட ஒண்ணு, டாக்டர்கிட்ட போய் என்னத்த வித்தியாசமா சொல்றது? அப்பதான் ஸ்ட்ரிப் கலர், மாத்திரை சைஸ், "எங்க கம்பெனி க்வாலிட்டி சார்"ங்கற மாதிரி ஒண்ணுமில்லாத பேச்சு, டாக்டர்கிட்ட ரெப் பிரிச்சுக் காட்டற விஷுவல் எய்டுக்குள்ள நுழையுது. நோயப் பத்தி உருப்படியா பேச அந்த நேரத்த குடுத்திருக்கலாம்.

விஷுவல் எய்டுல வர நம்பர் தனிக் கதை. எம்பா-ரெக்னு ஒரு ட்ரையல், 2015ல வந்தது, 7,000 பேருக்கு மேல. இதய நோயால சாகறது 38 சதவீதம் குறைஞ்சுதுன்னு பக்கத்துல பெரிய எழுத்துல இருக்கும். பொய் இல்ல. ஆனா அதே ட்ரையல்ல, டம்மி மாத்திரை சாப்ட்டவங்கள்ல 5.9 சதவீதம் பேரு அப்டி இறந்தாங்க, மருந்து சாப்ட்டவங்கள்ல 3.7. வித்தியாசம் நூத்துக்கு ரெண்டு பேரு சொச்சம், அதுவும் மூணு வருஷத்துக்கு. மருந்த பொறுத்தவரை இதுவே நல்ல ரிசல்ட்தான், ஆனா 38ங்கறது காதுல விழற விதம் வேற, ரெண்டுங்கறது விழற விதம் வேற. அதவிட முக்கியம், அந்த ட்ரையல்ல சேந்தவங்க எல்லாருமே ஏற்கனவே இதயம், ரத்தக்குழாய் பிரச்சனை உள்ளவங்க. போன வாரம் சுகர் கண்டுபிடிச்ச 35 வயசு ஆளுக்கு அந்த நம்பர அப்டியே தூக்கி ஒட்ட முடியாது. இன்னொரு கம்பெனியோட டாபாகிளிஃப்ளோசின் ட்ரையல் 2018ல வந்துச்சு, அதுல இதய நோய் இல்லாதவங்களும் நெறைய பேரு இருந்தாங்க, அங்க ஹார்ட் ஃபெயிலியர்ல அட்மிட் ஆகறது குறைஞ்சுது, மாரடைப்பு-பக்கவாதம்-மரணம்னு மொத்தமா எடுத்தா பெரிய வித்தியாசம் தெரியல. கொஞ்சம் படிக்கிற டாக்டர் யாராச்சும் "தம்பி, அப்சல்யூட் எவ்ளோ?"ன்னு, அதாவது நூத்துக்கு எத்தன பேரு வித்தியாசம்னு, ஒரு கேள்வி கேட்டா பாதி ரெப்புக்கு வேர்த்துடும். ரோல் ப்ளேல அந்தக் கேள்விக்கு எடமே இல்ல.

சரி, விட்டுப் போறது என்ன. மொதல்ல லோ சுகர். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைங்க சாப்பாடு இருக்கா இல்லையான்னு பாக்காது, கணையத்த புழிஞ்சு இன்சுலின எறக்கிடும். டிரெய்னிங்ல இதுக்கு ஒரு ஸ்லைட், "ஹைபோ ரிஸ்க்: மினிமல்", அடுத்த ஸ்லைட். ஊருக்குள்ள என்ன நடக்குதுன்னா, காலைல மாத்திரைய போட்டுட்டு தறிக்கு உக்காந்தவரு பாவு அறுந்துடுச்சுன்னு பதினோரு மணி வரைக்கும் டிபன் சாப்டாம இருப்பாரு. வயசானவரு, கிட்னி கொஞ்சம் வீக், அவருக்கு கிளிபென்கிளமைடு உடம்புல தங்கித் தங்கி ராத்திரி வேலைய காட்டும். பிபிக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடறவருக்கு லோ சுகர் வந்தா படபடப்பே தெரியாது, வேர்வை மட்டும்தான் வரும். வீட்ல "வெயிலு, அதான்"னு ஃபேன போட்டுட்டு போயிடுவாங்க.

விரதம் இதுல தனி. ரம்ஜானுக்கு முன்னாடி சுகர் கம்பெனிங்க தனி பக்கமே போட்டு தருவாங்க, மாத்திரைய இஃப்தாருக்கு மாத்தறது, சஹர்ல டோஸ் குறைக்கறதுன்னு, அதுக்கு சர்வதேச அளவுல கைடுலைனே இருக்கு, உபயோகமான வேலை. ஆனா ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு சேலம் பாதி ஜனம் விரதம் இருக்கும், புரட்டாசி சனிக்கிழமை, சஷ்டி, அமாவாசைன்னு வருஷம் பூரா ஓடும், இதப் பத்தி ஒரு வரி போட்ட விஷுவல் எய்ட நான் பாத்ததில்ல. ஒரு பொழுதுன்னா எந்தப் பொழுது, பாலும் பழமும் மட்டுமா, சுத்தப் பட்டினியா, இத கேட்டாதான் டாக்டரால டோஸ மாத்த முடியும். எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை (மேல சொன்ன எம்பா, டாபா எல்லாம்) சாப்பிடறவங்க பட்டினி கெடந்தா, வாந்தி பேதில தண்ணி வத்திப் போனா, மெஷின்ல சுகர் அவ்ளோ ஏறாமலே ரத்தத்துல கீட்டோன்ங்கற அமிலம் ஏறி ஐசியு வரைக்கும் போகலாம்னு அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2015லயே எச்சரிச்சது. ஆபரேஷனுக்கு மூணு நாள் முன்னாடியே நிறுத்தணும்ங்கறதும் இதுக்குத்தான். பல்லு டாக்டர், கண் டாக்டர் கிளினிக்குக்கு சுகர் ரெப் போறதே இல்ல, அங்க யாரு சொல்றது?

லோ சுகர் வந்தா மூணு ஸ்பூன் சக்கரைய தண்ணில கலக்கி குடு, கால் மணி நேரம் பாரு, ஏறலன்னா மறுபடி குடு, இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வாக்ளிபோஸ் மூணையும் சேத்த மாத்திரை சக்கைப் போடு போடுது. வாக்ளிபோஸோட வேலையே சக்கரைய குடல்ல ஒடைய விடாம தடுக்கறது. அப்ப அந்த ஆளுக்கு கிளிமிபிரைடால சுகர் எறங்கினா சக்கரைத் தண்ணி குடுத்தா உடனே ஏறாது, குளுக்கோஸ் பவுடர் வேணும், அது ஒடைய வேண்டியதே இல்ல, நேரா ரத்தத்துல ஏறிடும். இந்த ஒரு விஷயத்த அந்த மூணு-இன்-ஒன் மாத்திரை விக்கிற பையன்கிட்ட கேட்டுப் பாருங்க. பத்துக்கு எட்டு பேரு முழிப்பாங்கன்னுதான் நான் சொல்லுவேன், அந்தப் பையன் மேல தப்பே இல்ல, அவன் ஸ்லைட்ல அது வரல.

அடுத்தது சிரிஞ்ச். இன்சுலின் வயல்ல (சின்ன மருந்து பாட்டில்) நம்ம நாட்டுல அதிகமா ஓடுறது ஒரு எம்எல்லுக்கு 40 யூனிட், பேனா, காட்ரிட்ஜ் பெரும்பாலும் 100 யூனிட். சிரிஞ்சும் ரெண்டு வகை, 40க்கு செகப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. செகப்பு மூடி சிரிஞ்சுல எம்எல்லுக்கு 100 யூனிட் உள்ள இன்சுலின இழுத்துட்டா 10 யூனிட்னு நினைச்சு 25 யூனிட் போட்டுக்குவாரு. மாத்திப் பண்ணா டோஸ் பாதிகூட போகாது, சுகர் எறங்கலன்னு டாக்டர் டோஸ ஏத்திக்கிட்டே போவாரு. இத மெடிக்கல் ஷாப் கவுன்டர்ல அரை நிமிஷத்துல தடுக்கலாம், ஆனா கடைக்காரர்கிட்ட ரெப் போறது ஆர்சிபிஏ எடுக்கத்தான், யார் என்ன பிராண்ட் எழுதறாங்க, எத்தன ஸ்ட்ரிப் போச்சுன்னு.

போன வருஷம் அயோத்தியாப்பட்டணத்துல ஒரு கடைல அப்டி நிக்கும்போது ஒருத்தர் வந்தாரு, வேட்டி, கைல மஞ்சப்பை, சத்தத்த கொறச்சு, "ஏங்ணா, நீங்க குடுத்த மாத்திரை அப்டியே முழுசா வெளிய வருதுங்ணா, உள்ள கரையவே இல்ல, டூப்ளிகேட்டா?"ன்னு கடைக்காரர்கிட்ட கேட்டாரு. பத்து நாளா மாத்திரைய நிறுத்தியும் வெச்சிருக்காரு. எஸ்ஆர் மெட்ஃபார்மின். மருந்து மெதுவா கசிஞ்சு போனதுக்கப்புறம் வெறும் கூடு சில பேருக்கு மலத்துல அப்டியே வரும், மருந்து உடம்புல சேந்துருச்சு, பயப்பட ஒண்ணுமில்ல. கடைக்காரர் என்னப் பாத்தாரு, நான் அவர்கிட்டதான் சொன்னேன், அவர் அந்த ஆளுக்கு சொன்னாரு, டாக்டர ஒருக்கா பாத்துட்டு மறுபடி ஆரம்பிங்கன்னும் சேத்து. ரெப் நேரா பேஷன்டுக்கு மருந்து சொல்லக்கூடாது, அது நம்ம வேலையும் இல்ல. ஆனா டாக்டருக்கும் கடைக்காரருக்கும் தெரிய வேண்டிய விஷயத்த கொண்டு போறவனுக்கே தெரியலன்னா? அதே மாத்திரைய ஒடைச்சோ பொடிச்சோ போடக்கூடாதுங்கறதும் இதோட ஒட்டுன விஷயம், தொண்டைல எறங்கலன்னு ஒடைச்சு போடற பாட்டிங்க வீட்டுக்கு வீடு இருக்காங்க.

இன்னொண்ணு, சுகர் டிவிஷன் டிரெய்னிங்ல அரசு மாத்திரைங்கற ஒண்ணே இல்லாத மாதிரி நடந்துக்குவாங்க, ஏன்னா அது போட்டி பிராண்ட் இல்ல. ஆனா 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதுல இருந்து சுகர், பிபி மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. நல்ல திட்டம். சிக்கல் எங்கன்னா, நெறைய பேரு அத வாங்கிக்கிட்டு ஒரு நல்ல நாள்ல பையன் சொன்னான்னு தனியார் டாக்டரையும் பாப்பாங்க, அவர் காம்பினேஷன் எழுதுவாரு, ரெண்டையும் சேத்து முழுங்குவாங்க. ரெண்டுலயும் மெட்ஃபார்மின், சில சமயம் ரெண்டுலயும் கிளிமிபிரைடு குடும்பம். "வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா"ன்னு கேட்டா "இல்லைங்க"ம்பாங்க, அவங்க கணக்குல அது மாத்திரை இல்ல, ஆஸ்பத்திரில சும்மா குடுத்தது. வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் கிளினிக் வெச்சிருக்கற டாக்டர்கிட்ட இத ஒரு வரி ஞாபகப்படுத்தற ரெப்ப அவர் மறக்கவே மாட்டாரு, இது வியாபாரத்துக்கும் நல்லதுதான்னு மேனேஜருங்களுக்கு ஏன் புரியலன்னு தெரியல.

ஏற்காடு நமக்கெல்லாம் எக்ஸ் ஸ்டேஷன், அதாவது காலைல போய் சாயங்காலம் திரும்பற வெளியூர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகணும், எழுதற டாக்டர் கொஞ்சம் பேரு, பிசினஸ் கம்மி, அதனால மாசத்துக்கு ஒரு நாள் டூர் ப்ரோக்ராம்ல போட்டா பெருசு, சில கம்பெனி லிஸ்ட்லருந்தே தூக்கிடும். ஆனா எஸ்டேட் வேலைக்காரங்க, சுத்துவட்டார மலைக் கிராமத்து ஜனங்களுக்கும் சுகர் வந்துக்கிட்டுதான் இருக்கு. அங்க இன்சுலின் கதையே வேற. பிரிச்ச வயல 25, 30 டிகிரிக்குள்ள வெளிய வெச்சே நாலு வாரம் ஓட்டலாம், ஏற்காட்டுல வருஷத்துல பெரும்பாலான நாள் அது தானா கெடைக்குது. கீழ சேலத்துல ஏப்ரல், மே வெயில்ல வெளிய வெச்சா கதை முடிஞ்சுது, ஃப்ரிட்ஜ் இல்லன்னா ஈர மணல் போட்ட மண்பானைதான். கீழருந்து மேல ஐஸ் பேக் வெச்சு அனுப்பறப்போ ஐஸ் மேலயே வயல் ஒட்டி இருந்தா உறைஞ்சு போயிடும், ஒரு தடவ உறைஞ்சா அப்புறம் உருகினாலும் அது இன்சுலின் இல்ல, தூக்கிப் போட வேண்டியதுதான், பாத்தா வித்தியாசமே தெரியாம கூட இருக்கும். இந்தியா பூராவுக்கும் ஒரே விஷுவல் எய்ட் அடிக்கற கம்பெனிக்கு மேல ஏற்காட்டு ஒண்டிக்கடையும் கீழ ஓமலூரும் ஒண்ணு.

கேம்ப் விஷயமும் சொல்லணும். ரெப்புங்க குளுக்கோமீட்டர தூக்கிட்டு ஞாயித்துக்கிழமை கேம்ப்ல நிக்கறது வழக்கமாயிடுச்சு. மாம்பழ சீசன்ல சேலத்துல கேம்ப் போட்டா ஒரு வேடிக்கை நடக்கும், மாம்பழம் நறுக்கி சாப்ட்ட கையோட வந்து விரல நீட்டுவாங்க, 280, 300ன்னு காட்டும். ஸ்பிரிட் பஞ்சால துடைச்சா மட்டும் அந்த சக்கரை போகாது, தண்ணில கழுவணும். கழுவாம எடுத்த ரீடிங்க நம்பி ஒருத்தர வாழ்நாள் மாத்திரைக்கு அனுப்பக்கூடாது, அதுவும் சுகர்னு முடிவு பண்ண லேப்ல எடுத்த ரத்தம் வேணும், வெறும் வயித்துல 126, ஹெச்பிஏ1சி 6.5ங்கறதெல்லாம் விரல் குத்தற மெஷினுக்கான கணக்கு இல்ல. ஹெச்பிஏ1சிங்கற அந்த மூணு மாச சராசரியும் ரத்தசோகை இருக்கறவங்களுக்கு அப்டியே நம்பறதுக்கில்ல, இரும்புச்சத்து கொறைஞ்சா நெஜத்தவிட கூடவே காட்டலாம், நம்ம பொம்பளைங்கள்ல எத்தன பேருக்கு ரத்தசோகை இருக்குன்னு யோசிச்சுக்கோங்க. குத்துன லான்செட்ட டீ கப்புல போட்டு வெக்கறத பாத்திருக்கேன், 2016 பயோமெடிக்கல் வேஸ்ட் ரூல்ஸ்படி ஊசி வகையெல்லாம் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுலதான் போகணும்.

எதச் சொல்லக்கூடாதுங்கறதுக்கு இப்ப ஓரளவு தெளிவான விதி இருக்கு. மருந்த எப்டி விளம்பரப்படுத்தி விக்கலாம்ங்கறதுக்கு மத்திய அரசோட யுசிபிஎம்பி விதிமுறை 2024 மார்ச்சுல வந்துச்சு. ஒரு மருந்த வெறுமனே "சேஃப்"னு சொல்லக்கூடாது, பக்கவிளைவே இல்லன்னு அடிச்சு சொல்லக்கூடாது, ஒரு வருஷத்துக்கு மேல மார்க்கெட்ல இருக்கறத "புதுசு"ன்னு சொல்லக்கூடாது, உள்ள விட டாக்டருக்கு எதுவும் குடுக்கக்கூடாது, கிஃப்ட், டூர் கிடையாது, சாம்பிளுக்கும் கணக்கு உண்டு. 2022லயே சுப்ரீம் கோர்ட், டாக்டருக்கு குடுக்கற இலவச செலவ கம்பெனி வருமான வரில கழிச்சுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. இதுக்குன்னு டிரெய்னிங்ல ஒரு மணி நேரம் ஒதுக்கி, கையெழுத்து வாங்கி ஃபைல்ல வெச்சுக்கறாங்க, மறுநாள் ரோல் ப்ளேல அதே "வெரி சேஃப் மாலிக்யூல் சார்" வருது, யாரும் நிறுத்தறதில்ல. அதே சமயம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சுவத்துல "48 நாளில் சர்க்கரை நோய் பூரண குணம்"னு போஸ்டர் ஒட்டறவன எவனும் கேக்கறதில்ல, 1954 சட்டப்படியே சுகர குணமாக்கறேன்னு விளம்பரம் பண்றது குத்தம்.

அடுத்த அலை வாரம் ஒரு தடவ போடற ஊசிங்க. டிர்செபடைடு 2025 மார்ச்சுல இங்க வந்துச்சு, செமாக்ளுடைட் பேட்டன்ட் 2026 மார்ச் வரைக்கும்தான்னு எல்லா கம்பெனியும் நாள் எண்ணிட்டு இருந்தாங்க. வெயிட் குறையும்ங்கறது தானாவே விக்கும், அதுக்கு ரெப்பே வேணாம். ரெப் கொண்டு போக வேண்டியது, செமாக்ளுடைட் ஊசில மொத நாலு வாரம் போடற 0.25 எம்ஜி உடம்பு பழகறதுக்குத்தான், சுகர் குறைய இல்ல, அதனால "ஒண்ணும் வேலை செய்யல"ன்னு அவசரப்பட்டு ஏத்தக்கூடாது, கொமட்டல் வரும், வீட்ல யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு கேன்சர் இருந்திருந்தா தொடவே கூடாது, இதெல்லாம்தான்.

டிரெய்னிங்க நான் மாத்தறதா இருந்தா ரெண்டே விஷயம் சேப்பேன். ஒண்ணு, லோ சுகருக்கு அரை நாள், ஸ்லைட் இல்லாம, சிரிஞ்சும் குளுக்கோஸ் டப்பாவும் கைல குடுத்து. ரெண்டு, டாக்டர் கேட்ட கேள்விக்கு பதில் தெரியலன்னா "தெரியலைங்க சார், எழுதிக் கேட்டு சொல்றேன்"னு சொல்றதுக்கு மார்க். இப்ப ரோல் ப்ளேல அந்த பதிலுக்கு சைபர், அதனால பையன் வாய்க்கு வந்தத சொல்லிட்டு வரான். கொஞ்சம் பெரிய கம்பெனிங்கள்ல மெடிக்கல் டீம்னு தனியா இருக்கும், கேள்விய டாக்டர் பேரோட அனுப்பினா பேப்பர் இணைச்சு பதில் வரும், லேபிள்ல இல்லாத உபயோகத்தப் பத்தி கேட்டா அந்த வழிலதான் போகணும், ரெப் வாயே தொறக்கக்கூடாது. பக்கவிளைவு காதுல விழுந்தாலும் அப்டித்தான், பேஷன்ட் யாருன்னு அடையாளம் (பேரோட மொத எழுத்து போதும்), எந்த மருந்து, என்ன ஆச்சு, யார் சொன்னது, இந்த நாலும் இருந்தா ரிப்போர்ட் செல்லும், கம்பெனிக்கு அன்னிக்கே சொல்லிடணும். டாக்டரோ கடைக்காரரோ பேஷன்டோ நேராவும் அரசுக்கு சொல்லலாம், 1800-180-3024, காசு கெடையாது.